கஸ்பார் நனையவிடாத சீட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சொல்லத் தொடங்கினார். பாதிக்கதையில் ஆறுமுகநேரி வந்தது, இறங்கிப் போய்விட்டார். மீதியை நான் இட்டுக்கட்டுகிறேன். அதுதான் என் பிழைப்பு.

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

‘1974ஆம் ஆண்டு, கடல் அமைதியாக இருந்த ஒரு காலையில்...’

வேண்டாம். இதைப் படித்து எனக்கே கொட்டாவி வந்தது.

‘ஹில்டா நிரோத் பாக்கெட்டுகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நடந்தாள்.’

இது இருக்கட்டும்.

2

ஹில்டா நாசரேத்துக்காரி. சங்கு குளிப்பவர்கள் வாழும் ஒரு கடற்கரை ஊரில் குடும்ப நல நர்சு. ஆணுறை என்ற சொல் அப்போது யார் வாயிலும் புழங்கவில்லை. எல்லாருக்கும் அது நிரோத்துதான். கோயிலில் உச்சக் குரலெடுத்துப் பாடுகிற ஹில்டாவுக்கு, ஆம்பளைகள் முன்னால் அதைப் பற்றிப் பேச நாக்கு எழாது. அதைப் போட்டால் பிள்ளை மட்டுமல்ல, சீக்கும் தடைபடும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பாக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுக் கடலைப் பார்ப்பாள்.

அவர்கள் அள்ளி அள்ளி வாங்கினார்கள். பீடியையும் தீப்பெட்டியையும் உள்ளே போட்டு, வாயை இறுக்கி முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டால், எவ்வளவு ஆழம் முங்கினாலும் நனையாது.* ஹில்டா இதைக் கண்ணால் பார்த்தாள். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மேலதிகாரி அந்த ஊரை மற்ற நர்சுகளுக்கு உதாரணம் காட்டியபோதும் வாய் திறக்கவில்லை.

*(இந்தப் பத்தியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று, அதுவும் வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து. ஹில்டாவைக் குத்திக்காட்ட எனக்கு என்ன யோக்கியதை?)

3

அந்தக் கரையில் ஓர் ஏற்பாடு உண்டு. சங்குக்கு முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் நின்று பிடிப்பவன், அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்கவேண்டும். மற்றவன் கண் அசந்துவிடலாம். தன் தங்கச்சி தாலியை எவனும் கை நழுவ விடமாட்டான். கஸ்பாரின் கயிற்றைப் பிடித்தவன் அவன் மச்சினன் தொம்மை. ஒருநாள் இழுத்தான். கயிறு மட்டும் வந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

பதினோராம் நாள் காலையில் தொம்மை ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

“நர்சம்மா, மாப்ள இடுப்புல கெட்டியிருந்தது. கரையில ஒதுங்கிக் கெடந்துச்சு.”

மேசைமேல் வைத்தான். முடிச்சு அவிழாத நிரோத். உள்ளே பீடி, தீப்பெட்டி, மடித்த காகிதம் ஒன்று.

“அவனுதுதான்னு எப்படிலே தெரியும்?”

“இந்த முடிச்சு அவன் போடுத முடிச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

ஹில்டா முடிச்சை வெட்டினாள். பதினோரு நாள் கடலில் கிடந்த தீக்குச்சியை எதற்கென்று தெரியாமல் உரசினாள். பற்றிக்கொண்டது. ஊதி அணைத்துவிட்டுக் காகிதத்தைப் பிரித்தாள்.

காகிதம், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. கஸ்பாருக்கு மேகநோய், படுக்கையில் தொற்றுகிற சிபிலிஸ். கீழே சிவப்பு மையில்: ‘மனைவியை உடனே அழைத்து வரவும்.’ தேதி ஒன்றரை மாதம் முந்தியது.

கஸ்பார் அதைக் கிழித்துப் போடவில்லை. மனைவி ரெஜினாளிடம் காட்டவுமில்லை. நனையாமல் பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான்.

ரெஜினாள் இப்போது ஆறுமாதக் கர்ப்பிணி. முந்தின இரண்டு பிள்ளைகளும் தோல் உரிந்து, செத்தே பிறந்தன. கடல் காவு கேட்கிறது என்றது ஊர். அந்த இரண்டு பிள்ளைகளையும் கையில் ஏந்தியவள் ஹில்டா. அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. வாரம் தவறாமல் பூசைக்குப் போகிற பெண்ணிடம் அந்த நோயின் பேரை எப்படி எடுப்பது என்று கூசி விட்டுவிட்டாள்.

“என்ன நர்சம்மா எழுதியிருக்கு?”

“மருந்துச் சீட்டுதாம்லே. தங்கச்சிய நாளைக்கிக் கூட்டிட்டு வா.”

4

இங்கே நான் நின்றுவிட்டேன். செத்தவனை இப்படி அவமானப்படுத்துவதற்கா கதை எழுதுகிறேன் என்று அந்தப் பொட்டலத்தையே கதையிலிருந்து அடித்தேன். ‘பதினோராம் நாள் தொம்மை வெறுங்கையோடு வந்தான்’ என்று மாற்றி எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து படித்தால், தொம்மை மேசைமேல் எதையோ வைத்துக்கொண்டிருக்கிறான்.

மறுபடி அடித்தேன். மறுபடி வந்தது. நான்காம் முறை அந்தத் தாளின் ஓரம் ஈரமாக இருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நாற்பது மைல். எனக்குப் பயமாக இருந்தது. அதன் பிறகு பொட்டலத்தில் நான் கை வைக்கவில்லை.

5

ரெஜினாள் வந்துவிட்டாள். அவள் ரத்தத்தையும் சோதித்தாயிற்று, அதே முடிவு. இன்னும் நேரம் இருக்கிறது. வாரம் ஒன்றாக மூன்று பெனிசிலின் போட்டால் வயிற்றுப் பிள்ளை பிழைக்கலாம்.

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகளைச் சொல்கிறேன்.

ஒன்று: ஹில்டா ‘சத்து ஊசி’ என்று பொய் சொல்கிறாள். கஸ்பார் பேர் கெடாது. ஆனால் இரண்டு நாள் நடக்கவிடாத ஊசி இது. சத்துக்காக அடுத்த வாரமும் அதற்கு யார் வருவார்கள்?

இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். ரெஜினாள் எழுந்து போய்விடுகிறாள், இரண்டு பிள்ளைகளைக் கொன்றது கடல் இல்லை என்று தெரிந்துகொண்டு. வாசலில் நிற்கும் தொம்மை காதிலும் அது விழுகிறது. விழுந்ததும் அவன், கயிறு பிடித்த தன் கைகளைப் பார்த்து... இந்த வரியை முடிக்க என்னால் ஆகவில்லை.

மூன்று: ஹில்டா முதலில் தன்னைப் பற்றிச் சொல்கிறாள். ‘எனக்கு முன்னமே தெரியும் ரெஜினா, வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல’ என்று. இதை எழுதினேன். ஹில்டா வாய் திறக்கவில்லை.

அறையில் இரண்டே பேர். அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் பெஞ்சின் மறுமுனை நனைந்திருக்கிறது. பலகையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டுகிறது. அங்கே யாரையும் நான் உட்காரவைக்கவில்லை. ரெஜினாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருக்கிறாள்.

“இது என்னத்துக்கு ஊசி?” என்று கேட்கிறாள். “எனக்கா, பிள்ளைக்கா? இந்தப் பிள்ளையாவது தங்குமா?”

ஹில்டா பெனிசிலினைக் கலக்கி ஊசியில் ஏற்றிவிட்டாள். ரெஜினாள் ஹில்டாவைப் பார்த்துக் கேட்கவில்லை. தாளுக்கு இந்தப் பக்கம், உங்களைப் பார்க்கிறாள். நான் பேனாவை மூடிவிட்டேன். என் கூச்சம் ஹில்டாவின் கூச்சத்துக்குக் குறைந்ததல்ல.

கலக்கிய பெனிசிலின் நெடுநேரம் தாங்காது, ஊசித் துளையில் கட்டிதட்டிவிடும். அவளுக்குச் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.