ஆல்வின் சொன்ன உலகம்

சரவணம்பட்டி ஐடி கம்பெனியில சேர்ந்து மூணு மாசந்தான் ஆகுது. அதுக்குள்ள சண்முகப்ரியா வாயத் தொறந்தா ஆல்வின் புராணம். கூட வேலை செய்யற ஆல்வின் அப்படிச் சொன்னாரு, இப்படிச் சொன்னாரு. கட்டுன புருசன் தமிழ்ச்செல்வன் எதிர்ல உக்காந்து தோசையப் பிச்சுப் பிச்சுப் போட்டுட்டிருப்பான். பின்னே, வயிறு எரியாதா?

அன்னைக்கு உச்சம். "ஏனுங்க, இந்த உலகமே நெசமில்லாம இருக்கலாமாம். எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல ஓடற சிமுலேஷனாம். நீங்க, நானு, இந்தச் சட்னி, எல்லாமே! ஆல்வின் சொல்லச் சொல்லப் புல்லரிச்சுப்போச்சுங்க."

புல்லரிச்சுதாம்! கல்யாணமாகி நாலு வருசத்துல இவன் பேச்சுக்கு ஒரு முடியாவது எந்திரிச்சு நின்னிருக்குமா?

"சிமுலேஷன் எனக்குத் தெரியாதாக்கும்? பட்டறையில தினமும் நான் ஓட்டறது என்னவாம்?"

அவ சிரிச்சுப்போட்டா. "அய்யோ, அது இரும்புக்குங்க. இது வேற."

அந்தச் சிரிப்பு தொண்டையில மாட்டுன மீன்முள்ளாட்டம் மறுநாளும் உறுத்துச்சு. அவன் ஓட்டறது இரும்பைக் கடையற கம்ப்யூட்டர் லேத்து. புது ப்ரோக்ராம் போட்டா மொதல்ல திரையில வெறும் படமா ஓட்டிப் பாக்கோணும். அப்புறந்தான் நெச இரும்புக்குப் பட்டனை அமுக்கோணும். இவனுக்கோ, காலையில தன் கையால கட்டிக்கொடுத்த புளிசோத்தைக் கேன்டீன்ல அவளும் ஆல்வினும் பங்கு போட்டுத் திங்கறதுதான் கண்ணுமுன்னால ஓடுச்சு. மிசின்ல ஓட்டிப் பாக்க மறந்தே போயிட்டான். அமுக்கிட்டான். டமார்! இரும்பைச் சீவற டூலு மோதித் துண்டாப்போச்சு.

"ஏங்கண்ணு, ஓட்டிப் பாக்காமயா அமுக்குன?" சூப்பர்வைசர் லட்சுமணசாமி தலையில கைவச்சுட்டாரு. "ரெண்டு நாளைக்கு ஊட்ல இரு, போ."

சாயங்காலம் ப்ரியா என்னாச்சுன்னு கேட்டதுமே கொட்டித் தீத்துட்டான். "ஆமா, எனக்குப் பொறாமைதான்! அவன் பேச்சுக்குத் தொறக்கற வாயி எம்பேச்சுக்கு ஏன் தொறக்க மாட்டீங்குது? சிமுலேஷன் எதுக்குன்னு அவனுக்குத் தெரியுமா? உடையறது அங்கயே உடைஞ்சு போவட்டும்னுதான் ஓட்டறோம். இந்த உலகமும் அப்படித்தான்னா, நாம போடற சண்டையெல்லாம் எவனோ பாத்துத் திருத்திட்டிருக்கான். நெசமான நீயும் நானும் இனிமேத்தான் பொறக்கோணும். அவங்களாச்சும் நல்லா இருக்கட்டும்."

ப்ரியாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. இவனை இப்படி அவ பாத்ததே இல்லை. தமிழ்ச்செல்வனுக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு.

"எப்படீங்க இப்படியெல்லாம் யோசிச்சீங்க! இருங்க, இத ஒடனே ஆல்வினுக்கு அனுப்போணும்."

நெறஞ்ச நெஞ்சுல நெருப்பை அள்ளிக் கொட்டுனாப்ல இருந்துச்சு. போனைப் புடுங்கி வீசலாமான்னு வந்துச்சு. வீசல. பக்கத்துல உக்காந்து எட்டிப் பாத்தான். அஞ்சு நிமிசம் ஆச்சு, பத்து நிமிசம் ஆச்சு, ஆல்வின்கிட்டயிருந்து பதிலே வரல. ப்ரியா போனை அவங்கிட்டயே குடுத்துட்டுக் காப்பி போடப் போயிட்டா.

கொஞ்ச நேரத்துல அடுப்படியப் பாத்துக் கத்துனான். "அம்மணி, பாத்துட்டான் போல, ப்ளூ டிக் வந்துருச்சு! நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்கறானே!"