பானைத் தண்ணீர் குடித்த தைலமரம்

எண்பத்தேழாம் வருஷத்துக் கோடையில் ஒரு தைலமரம் முனிலட்சுமியின் வீட்டுக்குள் புகுந்து, அடுப்படி வரை போய், மண்பானைத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தது. கதவைத் தட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை. சூளகிரிக்குப் பக்கத்து அந்த ஊரில் இதை நம்பாத ஆள் ஒரே ஒருவன்தான். மற்றவர்கள் நம்பியதோடு நிற்காமல், குடித்து முடித்த மரம் ஏப்பம் விட்டதாகவும் சேர்த்துக்கொண்டார்கள்.

நம்பாதவன் கங்கப்பன். மரம் அவனுடையது.

ஓசூரில் ஒரு நட்டு போல்ட்டு கம்பெனியில் அவனுக்கு ஷிப்டு வேலை. ஷிப்டுக்குப் போகிறவன் கேழ்வரகுக்குக் களை எடுப்பானா, அவரைக்குத் தண்ணீர் கட்டுவானா? மரக்கன்று இலவசமாகக் கிடைத்தது. ஆடு மாடு வாய் வைக்காது, காவல் வேண்டாம். நிலம் முழுக்கத் தைலமரத்தை நட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டான். அது வளர்ந்த வேகத்துக்கு, காலையில் கிளையில் போட்ட துண்டை மாலையில் எடுக்க ஏணி தேவைப்பட்டது.

"மரம் வளத்தா மழை வரும். இந்த ஊருக்கே மழை வாங்கித் தர்றவன் நானு" என்று டீக்கடையில் மார் தட்டுவான். மழை வரவில்லை. தோப்புக்குள் புல் முளைக்கவில்லை, காக்கை கூடு கட்டவில்லை. ஓணான்கூட வேலிவரை வந்து யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது.

வேலிக்கு இந்தப் பக்கம் முனிலட்சுமியின் கிணறு. அவள் கங்கப்பனின் பெரியப்பா மகனைக் கட்டியவள். புருஷன் போன பிறகு அந்தக் கிணற்றையும் அதில் பாயும் அவரைத் தோட்டத்தையும் வைத்துத்தான் பிழைப்பு. தைலமரம் தலை தூக்கியதிலிருந்து கிணறு இறங்கிக்கொண்டே போனது. இப்போது வாளியில் சேறுதான் வந்தது. அவரை காய்ந்தால், அவளும் ஏதோ ஒரு கம்பெனியில் பெருக்கப் போகவேண்டியதுதான்.

"வேலியோரத்து மரத்த வெட்டு கங்கப்பா. என் கிணத்த உறிஞ்சுது."

"மரம் எங்கயாச்சும் கிணத்துல எறங்குமா அண்ணி? உங்க வாய்ச் சூட்டுல வத்தியிருக்கும்."

"என் வாய்ச் சூட்டுக்கு வத்துறதா இருந்தா மொதல்ல நீ வத்தியிருப்பே."

அதன்பிறகு பேச்சு இல்லை. அவன் தோப்புச் சருகு காற்றில் இந்தப் பக்கம் விழும், அவள் கூட்டி அள்ளி அந்தப் பக்கம் எறிவாள். அவ்வளவுதான் உறவு.

குடிதண்ணீரை அவள் ஊர்க்கோடி அடிபம்பிலிருந்து சுமந்து வந்தாள். பானைக்கு அடியில் மணல். தண்ணீர் குளிர்ந்திருக்க அந்த மணலைத் தினமும் நனைத்து வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். சுற்றுவட்டாரமே காய்ந்து கிடந்த அந்தக் கோடையிலும் அவள் பழக்கத்தை விடவில்லை.

திடீரென்று, மாலையில் நிரப்பிய பானை காலையில் காலியாகத் தொடங்கியது. பூனையைத் திட்டினாள். பிறகு பொதுவாக, சத்தமாக, வேலியைப் பார்த்துத் திட்டினாள். ஒருநாள் கழுவலாம் என்று பானையைத் தூக்கினாள், வரவில்லை. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு இழுத்தாள். பானையின் வாயும் வயிறும் உடைந்து கையோடு வந்தன. அடி மட்டும் வரவில்லை. மணலுக்குள்ளிருந்து கிளம்பிய வேர்க்கொத்து அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

டீக்கடையில் அவள் இதைச் சொன்னபோது, கங்கப்பனுக்குச் சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது.

"என் மரத்து வேரு உங்க அடுப்படியில இருந்தா, வேலியோர வரிசைய நானே அடிவேரோட பேக்கிறேன். இல்லன்னா, பொய்க்காரின்னு ஊர் முன்னால நீங்க ஒத்துக்கணும்."

"ஆஞ்சப்பா, கேட்டுக்கிட்டியா?" என்றாள் டீக்கடைக்காரனிடம்.

"ஊரே கேட்டுச்சு அக்கா."

ஞாயிற்றுக்கிழமை கங்கப்பன் கடப்பாரையோடு வந்தான். பின்னாலேயே ஊர் வந்தது. வேரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"இது வேப்பமரத்து வேரு."

"வேப்பமரம் எங்கடா இருக்குது? காட்டு" என்றாள் முனிலட்சுமி.

"பஸ் ஸ்டாப்புல இருக்குதுல்ல."

"அங்கிருந்து எப்படி வந்துச்சு, டவுன் பஸ்ஸுலயா?" என்றான் ஆஞ்சப்பன்.

கங்கப்பன் வேரைத் தொடர்ந்து தோண்டினான். அவளைக் கிட்டவே விடவில்லை. திருட்டு வேலை செய்வாளாம். வேர் சுவருக்கடியில் புகுந்து, புழக்கடையைத் தாண்டி, கிணற்றோரம் போனது. எட்டிப் பார்த்தார்கள். கிணற்றுச் சுவரின் கல் இடுக்கெல்லாம் வேர், பேய் தலை விரித்த மாதிரி சேறு வரைக்கும் தொங்கியது. வெயில் மண்டையைப் பிளந்தது. முனிலட்சுமி ஒரு சொம்புத் தண்ணீரை அவன் எதிரில் நின்று, மடக் மடக்கென்று நிதானமாகக் குடித்தாள்.

"எனக்குக் கொஞ்சம்..."

"உன் மரத்துக்கிட்ட கேளு. ரெண்டு பேர் பங்கும் அதுகிட்டதான் இருக்குது."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டினான். விரல் பருமன் கை பருமனாகி, தொடை பருமனாகி, வேலிக்கடியில் நுழைந்தது. அந்தப் பக்கம் போய்க் கடைசி மண்ணை விலக்கினான். வேர் நேராக அவன் மரத்தில் ஏறியிருந்தது.

ஊர் வேலியோரம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது.

"நீங்க மணல்ல தண்ணி ஊத்தி ஊத்தி அதைக் கூப்பிட்டீங்க" என்றான் கங்கப்பன்.

"கிணத்துல இருந்தத முடிச்சிட்டு, வேற போக்கில்லாமத்தானே அடுப்படிக்கு வந்துச்சு? மேலாக வெட்டி ஏமாத்தலாம்னு பாக்காதே, மறுபடி தழையும். சொன்னபடி அடிவேரோட பேத்தெடு."

"அப்ப வந்துச்சா, வரலயா? வாயத் தொறந்து சொல்லு" என்றான் ஆஞ்சப்பன்.

கங்கப்பன் தன் வரிசையை ஒருமுறை பார்த்தான். அவளை முறைத்தான். வாயிலிருந்த மண்ணைத் துப்பினான்.

"வந்துச்சு. என் மரந்தான். ஊடு பூந்து குடிச்சுது. போதுமா? தள்ளி நில்லுங்க எல்லாரும்."