இரண்டு குழியிலும் ஒரே வாசனை

1

இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்டார். மருத்துவச் சிறப்பிதழாம். "ஆய்வுக்கூடம் வரணும், கிருமி வரணும். ஆனா உங்க வாசகிகளுக்காகக் கடைசியில மாலை விழுந்துடணும்மா" என்றார். ஆய்வுக்கூடம் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் நாத்தனார் அங்கே வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து, வழக்கம்போல முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் சொன்னேன்.

"உன்ன வச்சு ஒரு கதை எழுதப் போறேன்."

"யாருக்கு விஷம் வைக்கணும் அண்ணி?"

நியாயமான கேள்விதான். என் நாவல்களில் நாத்தனார் என்று ஒருத்தி வந்தால், மூன்றாம் அத்தியாயத்துக்குள் ஒரு குடும்பத்தை இரண்டாக்கியிருப்பாள்.*

(* என் சொந்த நாத்தனார் அப்படியில்லை. சின்ன வயதில் அண்ணன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவாளாம். அதனால் அவளுக்கு அவர் வைத்த பெயர் வால். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் வால் மட்டும் ஞாயிறுதோறும் வருகிறது. அவருடைய நாற்காலியில் நாங்கள் இருவருமே உட்காருவதில்லை. இஸ்திரி போட வேண்டிய துணிகள் உட்கார்ந்திருக்கின்றன.)

2

முதல் தொடக்கம்: "நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தவளின் இமையோரம் ஒரு துளி திரண்டு, மெல்ல —"

வால் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் தந்தாள். "இப்பல்லாம் கண்ண வச்சுப் பாக்கறதில்ல அண்ணி. கம்ப்யூட்டர்ல படமா ஓடும். அழுதா கீபோர்டுதான் கெட்டுப்போகும்."

இரண்டாவது தொடக்கம்: "காயம் அழைத்தது. காதலியின் குரல் கேட்ட காதலனைப் போல் வெள்ளை அணு ஓடோடி —"

"ஓடாது. ஊர்ந்துதான் போகும். அதுக்கு முன்னாடி ரத்தக்குழாய்ச் சுவர்ல உருண்டுக்கிட்டே வரும், வேகம் குறையும், ஒட்டி நிக்கும், அப்புறம் இடுக்குல உடம்பக் குறுக்கி வெளிய வரும்."

"வழி எப்படித் தெரியும்?"

"அது மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணில்ல, ஆயிரக்கணக்குல. மூக்கு மாதிரின்னு வச்சுக்கோங்க. காயம் பட்ட இடத்துலேர்ந்து ஒரு வேதிப்பொருள் கசியும். அந்த வாசனைய இந்த மூக்கெல்லாம் பிடிக்கும். எந்தப் பக்கத்து மூக்குல வாசனை கொஞ்சம் கூடுதலோ, அந்தப் பக்கம் நகரும்."

"எவ்வளவு கூடுதலா இருக்கணும்?"

"கொஞ்சூண்டு போதும். ஆனா ஒரு பக்கம் கூடவும் இன்னொரு பக்கம் குறைச்சலாவும் இருக்கணும்."

[இந்த வரியை அன்று நான் குறித்துக்கொள்ளவில்லை. கதாநாயகனுக்கு மீசை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.]

3

கதாநாயகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தின் கருவிகளைப் பழுதுபார்க்க வருபவன். நல்ல உயரம். பழுதே இல்லாத கருவியைப் பார்க்கவும் அடிக்கடி வருவான். அவனை எனக்கே முழுதாக நம்ப முடியவில்லை. பேசவிட்டால் என் பழைய நாவல்களின் வசனத்தையே பேசினான்.

"எங்க மெஷின் பாக்க வர்றவருக்குப் பேத்தி இருக்கு" என்றாள் வால். "எனக்கு எதுக்கு அண்ணி ஆளு?"

"தனியா இருக்கியே."

"நீங்க?"

நான் அடுப்பைத் தணித்தேன். தணிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அப்போதுதான், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல், அவள் சொன்னாள். அவள் வேலை செய்யும் ஆய்வுத் திட்டம் முடிகிறது. வேறொரு நாட்டில், இதே அணுக்களைப் பார்க்கிற பெரிய ஆய்வுக்கூடத்தில் கூப்பிடுகிறார்கள். அங்கே போனால் வருடக்கணக்கில் இருக்க வேண்டும். இங்கேயும், சம்பளம் குறைவுதான், ஒரு கல்லூரியில் இடம் காலியாக இருக்கிறது. இரண்டில் ஒன்றைச் சீக்கிரம் சொல்லியாக வேண்டும்.

"போகட்டுமா அண்ணி?"

"உன் இஷ்டம்மா" என்றேன்.

மரியாதையான பதில். நாகரிகமான பதில். அவர் இருந்திருந்தால் "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், இங்கயே கிட" என்றிருப்பார். அல்லது மறுநாளே பெட்டி வாங்கிக்கொண்டு வந்திருப்பார். அவர் அண்ணன். நான் யார்? அண்ணனே இல்லாத வீட்டில் அண்ணி என்ற சொல்லுக்கு எவ்வளவு உரிமை மிச்சமிருக்கும்? (இந்தக் கேள்வியை வைத்து ஒரு நாவலே எழுதலாம். எழுத மாட்டேன்.)

4

அடுத்த ஞாயிறு அவள் தாமதமாக வந்தாள். ஒரு தவறு செய்துவிட்டாளாம்.

அவர்களிடம் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. இரு முனையிலும் இரண்டு குழிகள், நடுவில் குறுகலான பாதை. அந்தப் பாதையில் வெள்ளை அணுக்களை விடுவார்கள். ஒரு குழியில் வாசனை, மற்றதில் வெறும் திரவம். அணுக்கள் வாசனைக் குழியை நோக்கி நகர்வதைப் படமெடுப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற காரியம். வால் இரண்டு குழியிலும் வாசனையையே ஊற்றியிருக்கிறாள், அதுவும் ஒரே அளவில்.

"என்ன ஆச்சு, எல்லாம் செத்துப்போச்சா?"

"இல்ல. எல்லாம் முழிச்சுக்கிட்டுதான் இருந்துது. கையக் கால நீட்டுது, மடக்குது, இந்தப் பக்கம் ரெண்டு அடி, அந்தப் பக்கம் ரெண்டு அடி. பாவம், அவ்வளவு துடிப்பு. ஆனா எங்கயும் போகல."

"வாசனை பத்தலையா?"

"நிறைய இருந்துது அண்ணி. எல்லாப் பக்கமும் ஒண்ணா இருந்துது. அதான்." தம்ளரை மேசைமேல் சுற்றிக்கொண்டிருந்தாள். "தப்புன்னு தெரிஞ்சும் நான் நிறுத்தல. சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

பிறகு, சம்பந்தமே இல்லாததுபோல்: "அம்மாகிட்ட கேட்டேன், உன் இஷ்டம்னாங்க. எங்க லேப் தலைவர்கிட்ட கேட்டேன், உங்க இஷ்டம்னார்."

மூன்றாவதாக யாரைக் கேட்டாள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. கதை எழுதுகிறவளுக்கு இது எட்ட ஒரு வாரம் ஆனது என்பதுதான் கேவலம்.

5

கருவி பழுதுபார்ப்பவனை இந்த இடத்தில் கதையிலிருந்து அனுப்பிவிடுகிறேன். போய் வா தம்பி. மாலை விழாது. ஆசிரியர் என்ன சொல்வாரோ தெரியாது.

இனி முடிவுகள்.

முதல் முடிவில் நான் "போகாதே" என்கிறேன். அவள் முகம் மலர்கிறது, கல்லூரியில் சேர்கிறாள், ஞாயிறுகள் தொடர்கின்றன. எழுதிப் பார்த்தேன், இனித்தது. ஆனால் வால் முன்பொரு நாள் சொன்ன இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எலும்பு மஜ்ஜைதான் வெள்ளை அணுக்களின் பிறந்த வீடு. அங்கேயே பிடித்துவைக்கவும் ஓர் ஏற்பி உண்டு. அதன் பிடி தளர்ந்தால்தான் அவை ரத்தத்துக்குள் புறப்பட முடியும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடி தளராதாம். மஜ்ஜை நிறைய அணுக்கள், ரத்தத்தில் மட்டும் ஆளில்லை. தொற்று மேல் தொற்றாக வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாம் முடிவில் நான் "போய் வா" என்கிறேன். போகிறாள். தொலைபேசியில் அவளுக்குக் காலை, எனக்கு மாலை. இங்கே இஸ்திரிக்கான துணிகள் இரண்டு நாற்காலிகளில் உட்காரும்.

"காயத்துக்குப் போன அணு திரும்பி வருமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெரும்பாலும் அங்கயே செத்துடும். ஆனா சிலது திரும்பி வருது அண்ணி. ரொம்ப நாளா யாரும் நம்பல. அப்புறம் கண்ணாடி மாதிரி ஒரு மீன்குஞ்சு, அதோட துடுப்புல காயம் பண்ணிப் பாத்தாங்க. போனது சிலது மெதுவா வெளிய வந்து நடந்துச்சு."

"எதுக்காம்?"

"இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல."

6

இன்று ஞாயிறு. நாளைக்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும். வாசல் கதவு திறந்த சத்தம் கேட்டது. இப்போது குழாய் ஓடுகிறது. அவள் முழங்கை வரை கழுவி முடிக்கும் நேரம்தான் எனக்கு இருக்கிறது.

நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டேன். மூன்று நாற்காலிகளும் காலியாக இருப்பதை இந்தச் சமையலறை பார்த்து ரொம்ப நாளாகிறது. அவள் எதில் உட்கார்ந்தாலும் சரி. உட்கார்ந்ததும் "போகட்டுமா அண்ணி?" என்று மறுபடி கேட்பாள். கேட்காவிட்டால் நானே ஆரம்பிப்பேன். இந்த முறை ஏதாவது ஒரு பக்கம் கொஞ்சூண்டு கூடுதலாக ஊற்றியாக வேண்டும். தப்பான பக்கமாக இருந்தால் அவள் எதிர்த்துப் பேசட்டும், பேசத் தெரிந்தவள்தான். ஆனால் நான் "உன் —" என்று ஆரம்பித்தால் மட்டும்

குழாய் நின்றுவிட்டது.

ஒரு வார்த்தைக்கு இடம் இருக்கிறது. அதை நீங்கள் சொல்லுங்கள், நான் அப்படியே அவளிடம் சொல்கிறேன். போ என்றாலும் சரி, இரு என்றாலும் சரி. என் இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.