அறுவை அறை வாயிலில் எண்ணெய் வணிகர்

இளங்கதிர் மாடங்களின் நெற்றியில் பொன்பூசி, தெருக்களின் ஈரத்தை உறிஞ்சி, கடைக் கதவுகளை ஒவ்வொன்றாய்த் திறப்பித்துக்கொண்டிருந்த காலைப்பொழுதில், நகரின் நடுவே வெண்பாறை போல் நிமிர்ந்து நின்ற மருத்துவமனையின் மேல்தளத்தில் மட்டும் இன்னும் விடியாதது போன்றதோர் அமைதி உறைந்து கிடந்தது. அங்கே, அறுவை அறையின் மூடிய கதவுக்கு எதிரே, வித்துகளை ஆட்டி எண்ணெய் விற்கும் வணிகர் ஒருவர், உள்ளே கொண்டுசெல்லப்பட்ட தம் தமக்கையை எண்ணி விரல்களைப் பிசைந்தவாறு அமர்ந்திருந்தார்.

நயமறிந்தோரே, அத்தமக்கை ஒரு தையற்காரி. கழுத்தில் நெல்லிக்காயாய் அரும்பி மாங்காயாய்ப் பருத்த கட்டி மூச்சை நெருக்க, படுத்தால் திணறுமென்று சுவரில் சாய்ந்தே உறங்கியவள். அவளுடைய முழங்கால் வலிக்கெனத் தம்பி கொடுத்த கருஞ்சீரக எண்ணெயைத் தேய்த்ததோடு நில்லாது, காலையும் மாலையும் கரண்டியளவு பருகியும் வந்தாள். “மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?” என்று அறுவைக்கு முன் செவிலி வினவியபோது, இருவரும் ஒருங்கே “இல்லை” என்றனர், எண்ணெயை மருந்தென்று அவர்கள் நினைக்கவேயில்லை.

அவள் உள்ளே சென்ற பின், பக்கத்து இருக்கையில் தன் முறைக்குக் காத்திருந்த கொத்தனாரிடம் மற்றொரு செவிலி வந்தாள்.

“மாத்திரை மட்டும் இல்லண்ணா. கஷாயம், கருஞ்சீரக எண்ணெய், எது குடிச்சாலும் சொல்லிடுங்க.”

“எண்ணெய் என்னம்மா பண்ணும்?”

“ரத்தம் சட்டுனு உறையாமப் போகலாம்ணா.”

கொத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினார். “இவர் கடையிலதாம்மா வாங்கிக் குடிக்கிறேன். ஒண்ணுமே பண்ணாதுன்னாரே!”

அங்கிருந்தோர் விழிகளெல்லாம் வணிகர்மேல் பாய்ந்தன. வாய் திறந்தால் கடையின் பெயர் கெடும். திறவாவிடில் கதவுக்கப்பால் கத்தி இறங்கும். துள்ளி எழுந்தவர், மறுகணமே இரு கைகளாலும் கதவை அறைந்தார்.

“நிறுத்துங்க! அக்கா கருஞ்சீரக எண்ணெய் குடிச்சிருக்கு! நேத்து சாயங்காலம்கூடக் குடிச்சுது!”

முகக்கவசத்தை இறக்கியவாறு மருத்துவர் வெளிப்பட்டார். “நல்லவேளை, இன்னும் ஆரம்பிக்கல. கழுத்துக்குள்ள ரத்தம் கசிஞ்சு தேங்கினா மூச்சே அடைச்சுடும் ஐயா. எண்ணெயை நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சுப் பார்ப்போம்.”

திரும்பக் கொணரப்பட்ட தமக்கை சீறினாள். “முன்னாடியே சொல்றதுக்கென்னடா? இன்னும் ரெண்டு வாரம் நான் உக்காந்தே தூங்கணுமா?”

“உக்காந்தாச்சும் தூங்குக்கா,” என்றார் வணிகர். “ஒரேயடியாப் படுத்துட்டீன்னா நான் யார்கிட்டப் போய்த் திட்டு வாங்குவேன்?”

அறுவை பின்னொரு நாள் இனிதே முடிந்தது. தேய்ப்போருக்கு ஒரு சொல், பருகுவோருக்கு ஒரு சொல் எனப் பிரித்து, “குடிக்கிறவங்க மருத்துவர்கிட்டச் சொல்லிட்டுக் குடிங்க” என்று வணிகர் கூறத் தொடங்கியதும், வாங்குவோருள் சிலர் ஐயுற்று வேறு கடை நாடினர். நலம் செய்யும் பொருளுக்கு ஊறு செய்யும் வலிமையும் உண்டென்பதை ஒப்புக்கொள்ளுதல், அதை அன்போடு ஊட்டிய கைக்கு எளிதன்று. அன்று கத்தி பட்டிருந்தால் குருதி நின்றிருக்குமோ, நில்லாது பெருகியிருக்குமோ, அறிந்தார் எவருமிலர். அறியாமலே போனதுதான் அவ்விருவரும் பெற்ற பேறு.