கீழிருந்து

கோரைக்குள் குத்தவைத்து உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முழங்கால் இரண்டும் கெஞ்சின. லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு இருட்டுக் குழிக்குள் மடங்கி உட்காருவது புதிதில்லை. ஆனாலும் ஐம்பத்துமூன்று வயதில், லீவு போட்டுவிட்டு, வாத்துக் குஞ்சுக்காகக் குளத்தங்கரையில் ஒளிந்திருப்பதைக் கூட வேலை செய்கிறவர்கள் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும்.

அனுப்பியது அக்கா.

"இனி வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்க" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கே அவளுடைய கட்டிலை மாடி ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தான். ஜன்னலுக்குக் கீழே குளம். போன வாரம் ஒரு காலையில் காட்டு வாத்து ஒன்று பதினொரு குஞ்சுகளோடு தண்ணீரில் இறங்கியதை முதலில் பார்த்தவள் அவள்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்திருந்தவள். கைகால் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டாலும் கண் மட்டும் அப்படியே இருந்தது.

முதல் நாளே இரண்டு குஞ்சுகள் போயின. காக்கைகளின் வேலை.

"ஒண்ணு முன்னால நின்னு வம்புக்கு இழுக்குது. தாய் அதைத் துரத்தப் போகுது. பின்னால நிக்கிறது குஞ்சைத் தூக்கிடுது. பேசி வெச்ச மாதிரி!" என்றாள். குரலில் வருத்தத்தைவிட வியப்புதான் இருந்தது.

மறுநாள் பருந்து. நிழல் விழுந்ததும் தாய் ஒரு குரல் கொடுக்க, குஞ்சுகள் குபுக்கென்று முங்கின. ஒன்று மட்டும் அரை நொடி தாமதித்துவிட்டது. கரையேறி வழி தவறிய இன்னொன்றைப் பூனை கவ்வியது. மிச்சம் ஏழு. இதெல்லாம் கணக்குத் தெரிந்த சாவு. அக்காவைத் தூங்கவிடாமல் அடித்தது அதற்குப் பிறகு போன இரண்டும்தான். நடுக்குளத்தில், பட்டப்பகலில்.

"மேல பறவை இல்ல. பக்கத்துல பாம்பு இல்ல. குஞ்சு இருந்துச்சு, இப்ப இல்ல. அவ்வளவுதான்."

"ஆமையா இருக்கும்க்கா."

"பாத்தியா, நெனைக்கிறியா?"

"நெனைக்கிறேன்."

"அப்ப போய்ப் பாரு."

இன்றைக்கு மதியம் அவளுக்குப் பேச்சே காற்றாகத்தான் வந்தது. தூரமாகப் போகாதீர்கள் என்று, அவளைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த நர்ஸ் கண்ணைக் காட்டினாள். அவன் தயங்கியதை அக்கா கவனித்துவிட்டாள்.

"இங்க உக்காந்து என் மூச்சை எண்ணிட்டிருக்கிறதுக்கு, அங்க போனா உருப்படியா ஒரு வேலையாவது நடக்கும். போடா."

வந்துவிட்டான்.

வாத்து நடுக்குளத்தைக் கடந்தது. பின்னால் ஐந்து குஞ்சுகள், நூலில் கோத்ததுபோல. கடைசிக் குஞ்சுக்கு அடியில் தண்ணீர் ஒரு தட்டு அகலத்துக்குப் புடைத்தது. பாம்புத் தலை போன்ற மழுங்கிய கறுப்பு ஒன்று மேலே வந்து, வாயைத் திறந்து, மூடியது. பளக் என்று ஒரு சத்தம். அப்புறம் வட்ட வட்டமாய் அலை மட்டும்.

விரால்! கை நீளம் இருக்கும்.

தாய் வாத்து திரும்பி, அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நாள் முழுக்கத் தேடிய பழுது அகப்பட்டுவிட்டதுபோல அவனுக்கு உள்ளே ஒரு குதூகலம். எழுந்து ஓடினான். லிஃப்ட் இல்லாத வீட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள்.

"மூச்சு நின்னு அஞ்சு நிமிஷம் ஆச்சு சார். வந்துட்டானா, வந்துட்டானான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. போன் பண்ணினேன், நீங்க எடுக்கல."

பறவை மிரளக் கூடாதென்று அவன்தான் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தான்.

உள்ளே போனான். அக்காவின் கண்களை நர்ஸ் மூடிவிட்டிருந்தாள். முகம் ஜன்னல் பக்கமாகவே இருந்தது. விரால்க்கா என்று சொல்ல வாயெடுத்தான். நர்ஸ் பின்னால் நிற்பது தெரிந்ததும் மூடிக்கொண்டான். கால்சட்டையிலிருந்து சேற்றுத் தண்ணீர் தரையில் சொட்டியது.

பொழுது சாயுமுன் சித்தி வந்தாள்.

"அந்த நேரத்துல எங்கடா போனே?"

"கீழதான் இருந்தேன் சித்தி."

"கீழ அப்படி என்ன தலைபோற வேலை? ஏழு வயசுலருந்து உன்னைச் சுமந்தவடா. கடைசி மூச்சுக்கு நீ பக்கத்துல இல்லையே."

 எங்கிருந்து தொடங்கினாலும் கடைசியில் ஒரு மீனில்தான் போய் முடியும்.

மறுநாள் காலை, மயானத்துக்குப் போகும் வேனில் டிரைவர் பக்கத்தில் அவனை உட்காரவைத்தார்கள். சித்தியும் மற்றவர்களும் பின்னால் காரில் வந்தார்கள். டிரைவர் அவனை ஓரக்கண்ணால் இரண்டு முறை பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. நேத்துக் கோரைக்குள்ள இருந்தது நீங்கதானே? தூண்டிலும் இல்ல, வலையும் இல்ல. இவரு எதைப் பிடிக்கிறாருன்னு யோசிச்சுக்கிட்டே போனேன்."

நேற்றிலிருந்து யாரிடமும் சொல்லாததை அவன் சொன்னான். காக்கை, பருந்து, பூனை, பிறகு விரால். டிரைவருக்கு ஆச்சரியமில்லை.

"அது பசின்னு மட்டும் சொல்ல முடியாதுங்க. அதுவும் இப்பக் குஞ்சு வெச்சிருக்கும். அதுங்களுக்கு மேல எது போனாலும் பாயும். தவளை, வாத்து, என் கால், எதையும் விடாது."

"விரால் குஞ்சைக் காக்குமா?"

"காக்குமாவா? ஆணும் பொண்ணும் மாறி மாறிக் காவல் நிக்கும். வேணும்னா காட்டறேன், ரெண்டு நிமிஷம்."

குளத்து வளைவில் வேன் நின்றது. இருவரும் இறங்கிக் கரையோரம் போனார்கள். டிரைவர் கை நீட்டிய இடத்தில், தண்ணீருக்கு அடியில், துரு கரைந்ததுபோல ஒரு சிவப்பு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேலே வந்து பொரிந்தது. ஊசி ஊசியாய் நூற்றுக்கணக்கான குஞ்சுகள், காற்றை ஒரு வாய் வாங்கிவிட்டு ஒன்றாக அமிழ்ந்தன. அதற்கும் கீழே ஒரு கறுப்பு, நீளமாக, அசையாமல்.

எதிர்க்கரையில் வாத்து, நான்கு குஞ்சுகளையும் கோரைப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, விளிம்பை ஒட்டியே நீந்திப் போயிற்று. அவன் மூச்சுவிடாமல் பார்த்தான். சிவப்பு இன்னொரு முறை மேலே வந்தது.

சித்தியின் கார் ஹாரன் அடித்தது.

டிரைவர் முன்கதவைத் திறந்துவிட்டார். அவன் ஏறவில்லை.

"நான் பின்னால ஏறிக்கிறேன்."

டிரைவர் பின்கதவைத் திறந்து, அவன் குனிந்து உள்ளே போய் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்ததும், சத்தமில்லாமல் சாத்தினார். மயானம் வரைக்கும் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.