ஞானசௌந்தரி ஹவுஸ் ஓனர் ஆனாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கள்ளிக்குப்பத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போய், கிடைக்காமல் திரும்பியவன் எழுதும் கதை இது. வீடு கிடைத்திருந்தால் கதை கிடைத்திருக்காது. (அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.)

தொடக்கம் சரியாக அமையவில்லை. 'மேற்குச் சென்னையில் மனை விலை விண்ணை...' அடித்துவிட்டேன். 'ஞானசௌந்தரி சாவியை வாங்கியபோது வானம்...' வானத்துக்கு இங்கே வேலையில்லை. நேராகவே வருகிறேன்.

2

ஞானசௌந்தரி அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கல்யாணமான நாள் முதல் பாடியில் வாடகைக் குடித்தனம், இன்றும் அங்கேதான். ஆனால் பேங்க் லோன் போட்டு, கள்ளிக்குப்பத்தில் முதல் மாடியில் ஒரு பழைய பிளாட் வாங்கிவிட்டாள். குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. வாடகை வந்தால் தவணை தானாக ஓடும். பூட்டிக் கிடந்தால் சம்பளம் அதிலேயே போய்விடும்.

"நாமளே வாடகை ஊட்ல கீறோம். வாடகைக்கு உட நமக்கு ஒரு ஊடா?" என்றார் கணவர் அந்தோணிராஜ்.

"ஒரு தபாவாவது என்னை யாராச்சும் ஹவுஸ் ஓனர்னு கூப்டணும்யா."

(இதை நான் நம்பவில்லை. கடன் வாங்க இவ்வளவு சின்னக் காரணமா? பின்னால் அவளிடமே கேட்டேன். "சின்னதா? நீ வாடகை ஊட்ல இருந்ததே இல்லியா தம்பி?" என்றாள்.)

3

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராகப் பிளாட்டுக்கு வந்துவிட்டாள். வீடு கேட்டு வந்தவர்களில் முதலில் என்னைத்தான் புரோக்கர் செல்வகுமார் அவள் முன் நிறுத்தினார்.

"சொந்தக்காரங்க அடிக்கடி வருவாங்களா? மோட்டார் ரொம்ப நேரம் போடுவியா? செவுத்துல ஆணி அடிப்பியா?" என்று அடுக்கியவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாமே அவளுடைய பழைய வீட்டுக்காரர்கள் அவளைக் கேட்டவை. அவர்கள் குரல்கூட வந்துவிட்டதாம்.

அடுத்து ஒரு இளம் ஜோடி படியேறி வந்தது. விக்ரமுக்கு விருதுநகர், சபீனாவுக்கு ஆவடி. இருவருக்கும் ஐடி வேலை. யாரும் கேட்குமுன் சபீனாவே சொல்லிவிட்டாள்: "லவ் மேரேஜ்க்கா. நான் முஸ்லிம், அவரு இந்து. போன எடத்துல அட்வான்ஸ் வாங்கினப்புறம் வேணாம்னுட்டாங்க."

கீழ்வீட்டுத் திருமுருகன் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். "யோசிச்சு செய்ம்மா. நாலு குடும்பம் இருக்கிற எடம்."

"அக்கா, எதுக்கு வம்பு? இந்த எழுத்தாளருக்கே குட்த்துடு. சாதுவா கீறாரு," என்று செல்வகுமார் முணுமுணுத்தார்.

4

முதல் முடிவு: அவள் சாவியை எழுத்தாளனிடம் நீட்டினாள். அவன் கண்கள்... இல்லை. எழுதும்போதே கை கூசுகிறது.

இரண்டாம் முடிவு: எல்லா மதமும் ஒன்றே என்று அவள் ஒரு பிரசங்கம் செய்தாள். செய்யவில்லை.

நடந்தது இதுதான். "கேக்க நெனச்சதெல்லாம் மறந்து பூட்ச்சும்மா. நீ எதுனா கேளு," என்றாள் சபீனாவிடம்.

சபீனா தயங்கினாள். "கல்யாண போட்டோ ஒண்ணு இருக்குக்கா. மாட்டணும். ஒரே ஒரு ஆணி..."

ஞானசௌந்தரி சிரித்த சிரிப்பில் காலி வீடு அதிர்ந்தது. "எங்க வோணா அடி! என் ஊடுதானே!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. என் ஊடு. ஆயுசில் முதல் தடவை. "என் ஊடு," என்று இன்னொரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு படிப்பக்கம் எட்டிப் பார்த்து, "அண்ணே, குடி வெச்சாச்சு! வர்ற ஞாயித்துக்கெழம பால் காய்ச்சுறாங்க, வந்துரு!" என்று கத்தினாள். கீழே கதவு மட்டும் சாத்திக்கொண்டது.

என் பக்கம் திரும்பி, "நீயும் வா தம்பி. உனக்கு எங்க வோணா ஊடு கெடைக்கும்," என்றாள். (இன்னும் கிடைக்கவில்லை.)

5

போனேன். பால் பொங்கியது. "ஹவுஸ் ஓனரம்மா, நீங்கதான் மொதல்ல," என்று விக்ரம் டம்ளரை நீட்ட, ஞானசௌந்தரி முகம் சிவந்துபோனாள். அந்தோணிராஜ் கைதட்டினார். எல்லாரும் எடுத்துக்கொண்ட பின் தட்டில் ஒரு டம்ளர் மிஞ்சியது.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. திருமுருகன்தான். சண்டைக்கு வருகிறாரா, பாலுக்கா?

கதவு திறந்துதான் இருக்கிறது. அவரை என்ன சொல்லவைத்து உள்ளே வரவைப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என் பால் ஆறுகிறது.