இடுக்கியால் முடுக்கிய பேனல்கள்

மூன்று கிலோவாட், ஆறு சோலார் பேனல். தேர்ந்தெடுத்தது வைதேகி, என் மனைவி. நான்கு கம்பெனிகளின் விலைப்பட்டியலையும் படித்தாள். கொல்கத்தாவில் எங்கள் பெஹாலா வீட்டு மொட்டை மாடியில் எந்த மணிக்கு எங்கே நிழல் விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டாள். மார்ச்சில் மானியத்துக்கு விண்ணப்பித்தாள். மே மாதம் இறந்துபோனாள்.

வங்கி, காஸ், காப்பீடு எல்லாவற்றிலும் அவள் பெயரை எடுத்துவிட்டேன். இதில் மட்டும் எடுக்கவில்லை. அவள் போனுக்கு இன்னமும் செய்தி வருகிறது. அன்புள்ள வைதேகி, ஆறு பேனலும் பொருத்திய படம் செப்டம்பர் பதினேழு மாலை ஐந்துக்குள் வராவிட்டால் விண்ணப்பம் ரத்து. மறுபடி போட்டால் என் பெயரில்தான் போட வேண்டும்.

மழையில் வேலை தள்ளிப் போயிற்று. நான்கு பேனல் ஏறியிருந்தன. மீதி இரண்டுக்குப் பதினேழு மதியம் வாருங்கள் என்று சொன்னது நான்தான். என்னை 'தாதா', அதாவது அண்ணா, என்று அழைக்கும் நிதாய் மிஸ்திரி வந்தார். கையில் சந்தேஷ் பெட்டி. ஸ்பானர் இல்லை.

"இன்னிக்கு விஸ்வகர்மா பூஜை, தாதா. இனிப்பு கொடுக்கத்தான் வந்தேன். ஸ்பானர் மாலை போட்டுகிட்டு சாமி காலடியில உக்காந்திருக்கு. இன்னிக்குத் தொடக்கூடாது."

வைதேகியின் தம்பி ஆதர்ஷ் என்னைப் பார்த்தான்.

"அத்திம்பேர், நாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கேள்."

"நம்ம ஆயுத பூஜை அடுத்த மாசம்தானேடா."

"அதை ஸ்பானர்கிட்ட சொல்லுங்கோ."

சுற்றி எல்லா மாடிகளிலும் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாடியில் நூலைப் பிடித்திருந்த, தெருவுக்கே அண்ணியான ரஞ்சனா பௌதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிதாய், லீவு உன் ஸ்பானருக்குத்தானே? என் அடுப்படி இடுக்கிக்கு யாரு மாலை போட்டா?"

நிதாய் ஒரு சந்தேஷைத் தின்றபடி யோசித்தார். "இடுக்கி கணக்குல வராது."

"நம்மாத்துல அதுக்கும் சந்தனம் வெப்பா," என்றான் ஆதர்ஷ்.

"வாயை மூடு," என்றேன்.

மூன்று வீட்டு இடுக்கிகள் வந்தன. எட்டு நட்டு. ஒயர்களை நிதாய் கையாலேயே சொருகினார். டிக் டிக்கென்று பூட்டிக்கொண்டன. நட்டுகளைத்தான் இடுக்கி பிடிக்கவில்லை. வழுக்கியது. ஒவ்வொரு நட்டும் உட்கார்ந்ததும் பட்டம் அறுந்தால் போடும் 'போகாட்டா' கூச்சலைப் பக்கத்து மாடிகள் போட்டன. ஏழாவது நட்டு தெறித்து மழைநீர்க் குழாயை நோக்கி உருண்டது. ஆதர்ஷ் குப்புற விழுந்து பிடித்தான். அவன் முதுகில் ஒரு மஞ்சள் பட்டம் வந்து இறங்கியது.

யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. நான்தான். நிறுத்த முடியவில்லை. நிதாய் என்னைப் பிடித்துக்கொண்டார், பிறகு அவரும் சிரித்தார்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு அவள் போனில் படம் எடுத்தேன். மூலையில் மஞ்சள் பட்டமும் விழுந்தது. அனுப்பினேன்.

நான்கு ஐம்பத்தெட்டு. அன்புள்ள வைதேகி, உங்கள் படம் ஏற்கப்பட்டது.

"நாளைக்கு ஸ்பானரோட வந்து ஒழுங்கா முடுக்கறேன்," என்றார் நிதாய்.

மறுபடி போன் அதிர்ந்தது. உரக்கப் படித்தேன். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

"அஞ்சு போடு," என்று கத்தினார் பௌதி.

வைதேகி யாருக்கும் மூன்றுக்கு மேல் கொடுத்ததில்லை.

மூன்று போட்டேன்.